பாம்பன் தீவில் நான்கு வீடுகள்: தங்க வருகிறவர்களும் தொழில் தொடங்க நினைப்பவர்களும் கேட்பவை

தங்கச்சிமடம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் எங்களுக்கு நான்கு வீடுகள் இருக்கின்றன. கீழே இரண்டு, மாடியில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படுக்கையறை, சமைத்துக்கொள்ள ஓர் அடுப்படி, காற்று வாங்க ஒரு திண்ணை. தனுஷ்கோடிக்கு அப்பால் தீவு முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த 2017-ஆம் ஆண்டில் இவற்றை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினோம். நானும் என் கணவரும் நடத்துகிறோம். கிணற்றை நடத்துவது என் மாமியார். தொலைபேசியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பணம் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், கிணறு நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. தனுஷ்கோடிப் பக்கத்துச் சேற்று நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும் காலமும் அதுதான். அந்த இடத்தை 2025-இல் தமிழக அரசு பூநாரை சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 524.7 ஹெக்டேர். பறவைகளுக்கு வெகு தொலைவில் நின்று பார்க்க வேண்டும் என்பதால் ஒரு தொலைநோக்கி வாங்கி வைத்திருக்கிறோம். கேட்டால் தருவோம்.

பங்குனி முதல் வைகாசி வரை பள்ளி விடுமுறைக் கூட்டம். வெயிலோடு வியர்வையும் சேர்ந்து வாட்டும். ஆனால் நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம் அது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இரவு பகல் பாராமல் வீசும். சிலருக்கு அது பிடிக்கிறது, சிலர் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். குழந்தையோடு முதன்முறை வருகிறீர்கள் என்றால் ஆடி வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை ஆகிய மூன்று நாள்களையும் முன்பின் ஒரு நாளையும் சுற்றுலாவுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பித்ரு காரியத்துக்கு வருகிறவர்களால் தீவே நிரம்பி வழியும். அந்த நாள்களில் நாங்கள் வாடகையை ஏற்றுவதில்லை. ஏற்றினால் தருவதற்கு ஆள் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் திவசத்துக்கு வந்தவரிடம் கூடுதலாக வாங்கினால் என் மாமியார் என்னோடு பேசமாட்டார்.

கடலில் குளிக்கலாமா? எந்தக் கரைக்குப் போவது?

இந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் காற்றோடு மாறும். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் தலைகீழாகிவிடும். படகுகளும் அதற்கேற்பக் கரை மாறிப் போகும். நீங்களும் அப்படியே மாறிக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம். இரு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலை இழுக்கும். மாலைக்கு மேல் அங்கே இருக்கவும் அனுமதி கிடையாது.

'சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு' என்கிறீர்களே, அப்படி என்ன செய்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குக் கூரையில் இருக்கும் சூரிய மின்தகட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தீவில் மின்சாரம் இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினை தண்ணீர். நாங்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி தண்ணீரைச் சுற்றியே இருக்கிறது.

எங்கள் காலடி முழுக்க மணல். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் தயிரின் மேல் ஏடு போல மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம் என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிறு கலங்கும். மேலே 1 அடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கொடுக்கிறோம். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடித்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனாலும் ஆழமாகத் தோண்டக் கூடாது, அவசரமாக மொள்ளக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து வெளியூர்களுக்குப் போகும் மல்லிகை நாற்றுகளும் இந்த நல்ல தண்ணீர் ஏட்டை நம்பித்தான் துளிர்க்கின்றன.

அதனால் எங்களிடம் ஆழ்துளைக் கிணறு இல்லை. அகலமான, ஆழம் குறைந்த திறந்த கிணறு ஒன்றுதான். அரைக் குதிரைத்திறன் மோட்டார் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டுமே ஓடும். ஒரே மூச்சில் இறைத்தால் கிணற்றின் நடுவில் உப்பு குமிழியாக மேலேறும், பிறகு இறங்குவதற்கு மாதக்கணக்காகும். மாமியார் தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். உப்பை அளக்கும் கருவி ஒன்றை மகன் வாங்கித் தந்திருக்கிறான். கருவி எண் காட்டும் முன்பே 'இன்று மோட்டார் போட வேண்டாம்' என்ற உத்தரவு வந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் இப்படி வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மழைநீர். கூரை சுமார் 140 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். ஆக, 10 சென்டிமீட்டர் மழைக்கு 14,000 லிட்டர், வீணாவது போக 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். தரைக்குக் கீழே 30,000 லிட்டர் தொட்டி கட்டியிருக்கிறோம். புரட்டாசியில் கூரையைத் துடைத்து, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடிப்போம். முதல் மழை உப்பையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வெளியே போக வேண்டும். இரண்டாம் மழையிலிருந்துதான் குழாயைத் தொட்டிக்குத் திருப்புவோம். தொட்டி நிரம்பிய பிறகு வழிகிற தண்ணீர் கிணற்றடி மணலுக்குள் இறங்கும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அது சுவரோரம் நிற்கும் ஒரு குழாயோடு முடிந்துவிட்டது. அந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஷவர் ஏன் இல்லை?

ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போகும். பாட்டுப் பாடிக் குளிப்பவர் என்றால் 100 லிட்டர். ஒரு வாளி 20 லிட்டர். முதல் வருடம் ஷவர் வைத்திருந்தோம். அந்த வைகாசியில் கிணறு கரித்தது. தென்னையின் ஓலை நுனி காய்ந்தது. ஆடியில் ஷவரைக் கழற்றிவிட்டோம். வாளியும் செம்பும் பெரியதாகவே வைத்திருக்கிறோம். முடியாத வயதானவர்களுக்குக் கைக்குழாய் பொருத்தித் தருகிறோம்.

சோப்பு நுரைக்கவில்லை என்று குறை சொல்லாதீர்கள். தண்ணீரின் கடினத்தன்மை அப்படி. சீயக்காயும் அரப்பும் குளியலறையில் இருக்கின்றன.

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு நேராக வீட்டுக்கு வரலாமா?

வரலாம், ஆனால் வாசலோடு நிற்க வேண்டும். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கடல் குளியலும் கோயிலுக்குள் 22 தீர்த்தமும் முடித்துவிட்டு வருகிறவரின் வேட்டி மடிப்பில் ஒரு பிடி மணல் இருக்கும். அது குளியலறைக் குழாயில் போய் அடைத்துக்கொண்டால், எடுக்க ராமநாதபுரத்திலிருந்து ஆள் வர வேண்டும். வேப்பமரத்தடியில் ஒரு குழாயும் கல்லும் கொடியும் இருக்கின்றன. அங்கே அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அதை அள்ளுவது யார் என்று ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பாருங்கள்.

கழிவுநீர் எங்கே போகிறது?

யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்பதால் நானே சேர்த்திருக்கிறேன். மணல் பூமியில் அடி திறந்த உறைகிணற்றுக் கக்கூஸ் கட்டினால், அந்த நீர் வடிகட்டப்படாமல் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். எங்களுடையது அடியும் சுவரும் பூசப்பட்ட மூன்று அறைத் தொட்டி. அதிலிருந்து வெளியேறும் நீர், கீழே தார்ப்பாய் விரித்துச் சரளை நிரப்பிய பாத்தியில் கல்வாழையின் வேர் வழியாக நகர்ந்து, பிறகுதான் தென்னைக்குப் போகிறது. கிணற்றுக்கும் அதற்கும் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி. குளியல், பாத்திரம் கழுவும் நீர் தனியாக வாழைக்குப் போகிறது. கழிப்பறையில் ஆசிட் ஊற்றக் கூடாது என்று நாங்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

ஏசி உண்டா?

மாடி வீடுகள் இரண்டில் உண்டு. கீழ் வீடுகளில் இல்லை, தேவையும் இல்லை. கீழ்ச் சுவர் கனமானது, சுண்ணாம்புப் பூச்சு, வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே சன்னல். எந்தக் காற்று அடித்தாலும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். மாடிக்கு வெயில் நேராக இறங்குவதால் தளத்துக்கு ஒவ்வொரு பங்குனியிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுகிறோம். அதற்குப் பிறகும் புழுங்கினால் ஏசி.

கூரையில் 3 கிலோவாட் மின்தகடு. நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரும். நான்கு வீட்டு விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி, மோட்டார் எல்லாவற்றுக்கும் அது போதும். இரண்டு ஏசியும் இரவு முழுக்க ஓடினால் போதாது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். பத்து நாளுக்கு ஒருமுறை விடியலில், பனி ஈரம் இருக்கும்போதே துணியால் துடைத்துவிட்டால் தண்ணீர் மிச்சம்.

மழைக்காலத்தில் வரலாமா? புயல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

மழை பார்க்கவே வருகிற சிலர் எங்களுக்கு வாடிக்கையாக இருக்கிறார்கள். எனக்கும் பிடித்த காலம் அதுதான். தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம். ஆனால் விளையாட்டில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடத்தில் 30-ஐத் தாண்டியது. எங்கள் கீழ் வீட்டில் படிக்கட்டு இரண்டு முழுகியது. அன்று தங்கியிருந்த குடும்பம் எங்களோடு மாடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தது.

எங்கள் விதி எளிது. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் அல்லது அதற்கு மேல் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், வராதவர்களுக்கு முழுப் பணமும் திரும்ப வரும். வந்து இருப்பவர்கள் பாலத்தில் போக்குவரத்து இருக்கும்போதே மண்டபம் பக்கம் போய்விடச் சொல்வோம். தீவுக்கு வெளியே போக வழி ஒரு சாலைப் பாலமும் ஒரு ரயில் பாலமும் மட்டும்தான். காற்று எல்லை தாண்டினால் ரயில் நின்றுவிடும்.

மீன் கிடைக்குமா? சமைத்துத் தருவீர்களா?

சமைத்துத் தருவதில்லை. அடுப்பும் மண்சட்டியும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வைத்தால் குழம்பு வைத்துத் தருவார். பணத்தை அவரிடமே கொடுங்கள்.

பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு 4 நாள் என்பது ஏற்பாடு. நாட்டுப்படகு நாளில் வாங்குங்கள். மீன் குறைவாக வரும், ஆனால் அன்று பிடித்தது அன்றே கைக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அப்போது வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்ததைத் தின்பீர்கள். அந்தக் காலத்தில் நகரை, சூடை, ஊடகம் என்ற மீன்களில் எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

இரவில் தோப்பிலும் கரையிலும் ஏன் விளக்கு எரிவதில்லை?

தை முதல் பங்குனி வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் மணலில் முட்டையிட வரும். குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஊரும். நிலவும் நட்சத்திரமும் மின்னும் கடல்தான் அவற்றுக்கு வெளிச்சம். கரையில் ஒரு குழல்விளக்கு எரிந்தால் ஊருக்குள் வந்து நாய் வாயில் சாகும். கைவிளக்கு தருகிறோம், சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காதீர்கள்.

பவளம், சங்கு எடுத்துப் போகலாமா?

பவளத்தைத் தொடக் கூடாது. செத்த பவளக் கல் என்றாலும் சட்டப்படி குற்றம். கடல் அட்டை, கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. இந்தத் தீவின் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் பவளக் கல்லைப் பார்க்கலாம். எங்கள் தோப்பின் பழைய மதிலிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டுமானக் கல்லாகவே வெட்டி எடுத்தார்கள். கடையில் விற்கும் சங்கு வாங்குவதாக இருந்தால் ரசீது கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கி வரவா?

வேண்டாம். வீட்டில் மழைநீர் வடிகட்டி இருக்கிறது, செம்புப் பானை இருக்கிறது. கொண்டு வந்த பாட்டிலை ஊருக்கே திருப்பிக் கொண்டு போங்கள்.

நாங்களும் தீவில் இடம் வாங்கி இப்படி வீடு கட்டலாம் என்று இருக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?

இடத்தைப் பார்க்கும் முன் கிணற்றைப் பாருங்கள். தையில் காட்டினால் எல்லாக் கிணறும் இனிக்கும். புரட்டாசியில் போய்க் குடித்துப் பாருங்கள். அப்போதும் தொண்டையில் இறங்கினால் பேசத் தொடங்குங்கள். கடலை ஒட்டிய இடம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். தரகர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பார். பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

கட்டிய பிறகு முதல் எதிரி இரும்பு. எங்களுக்கு மின்தகடு பொருத்திய நிறுவனம் சாதாரண இரும்புச் சட்டத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது ஆடியில் சட்டம் பொரி போல உதிர்ந்து, ஒரு தகடு தோப்பில் விழுந்தது. யார் மேலும் விழவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகுத் திருகும் போட்டிருக்கிறோம். சன்னலுக்கு மரம். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலுக்கு முதுகு காட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று வருடம்கூடத் தாங்காது. கான்கிரீட் கலக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா என்று மேஸ்திரியிடம் கேட்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி வீங்கிப் பூச்சைப் பிளக்கும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். மறந்தால் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

வருடம் முழுக்க ஆள் வருகிறார்களா? இதில் பிழைக்க முடியுமா?

இதை மட்டும் நம்பினால் முடியாது. நல்ல மாதங்கள் ஐந்து அல்லது ஆறு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கும் வரை மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலான அந்தக் காலத்தில் வயதானவர்கள் வருவது அறவே குறைந்தது. தென்னையும் கணவரின் பலசரக்குக் கடையும் எங்களைத் தாங்கின. கடன் வாங்கிக் கட்டியிருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. புரட்டாசிக் கடைசியில் மூன்று வாரம் நான்கு வீட்டையும் பூட்டிவிடுகிறோம். கிணறு ஓய்வெடுக்கட்டும் என்பது காரணம். பூஜை விடுமுறையில் நல்ல வருமானம் போகிறதே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சபரிமலை சீசனில் 20 பேர் ஒரு வேனில் வருகிறோம், ஓர் இரவுக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்காது, சாமி. ஒரு வீட்டுக்கு நான்கு பேர்தான் கணக்கு. தண்ணீர் அதற்குத்தான் இருக்கிறது. கோயிலுக்கு அருகே பெரிய விடுதிகள் இருக்கின்றன, தொலைபேசி எண் தருகிறேன்.

நாய்க்குட்டியைக் கூட்டி வரலாமா?

ஆமை வரும் மாதங்களில் வேண்டாம். மற்ற மாதங்களில் கூட்டி வாருங்கள், கயிறோடு. தோப்பில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. முதல் நாள் சண்டை போடும், மறுநாள் மூன்றும் திண்ணையில் ஒன்றாகப் படுத்திருக்கும்.